தாத்தா எதனால் செத்தார் என்று பிள்ளை கேட்டால்

கேட்டவர் ஒரு வாசகி: "என் அப்பா குடித்தே போனவர். ஆனால் என் மேல் உயிரையே வைத்திருந்தார். என் பையனுக்கு எட்டு வயது, தாத்தா எப்படிச் செத்தார் என்று கேட்கிறான். மாரடைப்பு என்று சொல்லிவிடு, பள்ளிக்கூடத்தில் போய் உளறிவைப்பான் என்கிறார் மாமியார். நல்லதை மட்டும் சொன்னால் போதாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

2024 அக்டோபர் 6, காலை

உண்மையைச் சொல்லுங்கள். மாரடைப்பு வேண்டாம்.

என் அப்பாவும் அப்படித்தான் போனார், 2012 மழைக்காலத்தில். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சித்தப்பா "மஞ்சள்காமாலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை, கண் மஞ்சளாகத்தான் இருந்தது. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் பேசவில்லை. இன்றைக்கும் என் தம்பி குடும்பத்தில் அப்பாவுக்குக் காமாலைதான்.

நான் சொல்லச் சொல்வதற்கு முதல் காரணம் உங்கள் பையனுடைய உடம்பு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவர் குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையில் வருவது. தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது என்றால் பேரனிடம் சொல்லி வைக்கிறோம் இல்லையா? இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போய் முதல் தடவை யாராவது ஊற்றிக் கொடுக்கும்போது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எட்டு வயதில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், சொல்வது உண்மையாக இருந்தால் போதும்.

2024 அக்டோபர் 6, இரவு

காலையில் அவசரத்தில் அவர் எப்படிச் செத்தார் என்பதை மட்டும் எழுதிவிட்டுப் போனேன். அப்பா யார் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் குளத்தூப்புழை, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலை ஏறி இறங்கி, தென்மலையில் திரும்பிப் போக வேண்டும். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்காக அங்கே ரப்பர்த் தோட்டம் போட்டார்கள், அதில் எங்களுடையதும் ஒன்று. அப்பா அட்டன் பக்கத்தில் பிறந்தவர், கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கும்போது மீசை முளைக்காத பையன். கடைசிவரைக்கும் பால் வெட்டுதான் தொழில். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு போவார், குளிர் இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரப்பட்டையைக் காயப்படுத்தாமல் ஒரு நூல் கனத்துக்குச் சீவி எடுப்பதில் அவர் கை பெரிய கை, புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் கற்றுக்கொடுப்பார்.

சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை நூலாக இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து தருவார். லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பா செய்த பந்து இருந்தது. என்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தார்கள், ஆனால் தமிழ் படிக்காமல் விடக்கூடாது என்று மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தது அவர். நான் இப்போது இங்கே எழுதுகிற இந்தத் தமிழ் அவர் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தூப்புழை சாஸ்தா கோயில் ஆற்றில் மீனுக்கு அரிசி போடக் கூட்டிப் போவார். அங்கே மீனைப் பிடிக்கக்கூடாது, திருமக்கள் என்பார்கள், பெரிய பெரிய மீன் கால்மாட்டில் வந்து வாயைத் திறக்கும். "பாரு, யாரும் அடிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா மீன்கூட கிட்ட வரும்" என்பார். எங்களை ஒரு தடவைகூட அடித்தது கிடையாது. குடித்துவிட்டு வந்த நாளிலும்.

2024 அக்டோபர் 9

மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "குடிக்காதபோது தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொடுங்கள், குடிதான் கெடுத்தது என்று பிள்ளை புரிந்துகொள்ளும்." நல்ல மனதோடு சொல்கிறார், என் அம்மாவும் இதைத்தான் சொல்வாள். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. யோசித்துப் பார்த்தால் என் அப்பா விஷயத்தில் இது நடந்ததற்கு நேர்மாறானது.

அப்பா ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போடுவார். 41 நாள் விரதம், ஒரு சொட்டு தொடமாட்டார். ஊரே மெச்சும். அந்த நாட்களில் அவர் தங்கமாக இருந்திருக்க வேண்டும் இல்லையா? இல்லை. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், வேலைக்கு நேரமாகும்வரை அசையமாட்டார். சோறு பாதிதான் இறங்கும். என்னோடு பேசுவது குறையும், பந்து சுற்ற மாட்டார், யாராவது சிரித்துப் பேசினால் எழுந்து போய்விடுவார். "சாமி அமைதியா இருக்காரு" என்பார்கள். எங்கள் அப்பாயி மட்டும் "எம் மவன் ஒடஞ்சி ஒக்காந்திருக்கான்" என்று ஒரு தடவை சொன்னாள், வயசானவள் பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

விரதம் முடிந்து மாலை கழற்றிய அன்று சாயங்காலம் குடித்துவிட்டு வந்து என்னைத் தூக்கிச் சுற்றுவார், பாட்டுப் பாடுவார். பிள்ளையாக இருந்த எனக்கு அந்த அப்பாவைத்தான் பிடித்திருந்தது. இதை வெளியில் சொன்னால் தப்பாக நினைப்பார்கள் என்று வெகு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் "குடிக்காத நல்லவர், குடித்த கெட்டவர்" என்று இரண்டு ஆளாகப் பிரிக்காதீர்கள். ஒரே ஆள்தான். பிரியமும் அவருடையது, சோர்வும் அவருடையது. குடிக்கு அடியில் ஒரு நோய் முன்பே இருந்தது. எல்லார் கண்ணுக்கும் பாட்டில் தெரிந்தது, அது தெரியவில்லை.

2024 அக்டோபர் 10

இன்றைக்கு உலக மனநல நாள். 2022இல் இதே தேதியில்தான் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி தொடங்கியது. எண் 14416, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். எல்லையோரத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் மனதில் இருப்பதை மலையாளத்தில் சொல்லத் திணறி, டாக்டரிடம் "தலைவலி" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்தவர்கள் எங்கள் லயத்தில் நிறைய.

2024 அக்டோபர் 14

தனியாகக் கேட்ட தங்கைக்கு: ஆமாம், எதனால் அந்தச் சோர்வு வந்தது என்று நானும் வருஷக்கணக்காகத் தோண்டியிருக்கிறேன்.

1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று விழுந்தது. அப்பாவுக்கு ஒரு அக்கா, அவரை வளர்த்ததே அந்த அத்தைதான். அத்தை அங்கேயே கல்யாணம் கட்டியிருந்ததால் தங்கிவிட்டாள். கடிதம் வந்துகொண்டிருந்தது, 1983 கலவரத்துக்குப் பிறகு வரவில்லை. செத்தாளா இருக்கிறாளா என்று கடைசிவரை தெரியாது. அப்பா ராத்திரியில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு இலங்கை நிலையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார், பாட்டு கேட்கிறார் என்று நினைத்தோம்.

இதைச் சொல்லிவிட்டு உடனே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது, கதை ஒழுங்காக முடிகிறது. ஆனால் அதே கப்பலில் வந்து, அதே மாதிரி ஆளை விட்டுவிட்டு வந்து, குடிக்காமல் சோர்வடையாமல் வாழ்ந்தவர்களும் அதே லயத்தில் இருந்தார்கள். சித்தப்பாவுக்கும் அவள் அக்காதான், அவர் பீடிகூடப் பிடிக்காதவர். ஒருத்தருக்கு ஏன் வருகிறது என்பதில் ரத்தமும் இருக்கிறது, வளர்ந்த விதமும் இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் என்ன கிடைக்கிறது என்பதும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் ஒரு காரணம் தேடுகிறீர்கள் என்றால் தேடுங்கள், ஆனால் கிடைக்கவில்லை என்று உங்களையே காரணமாக்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் அப்போது பிள்ளை.

2024 அக்டோபர் 15

அம்மா போனில் சொன்னது: ரேடியோ பாட்டுக்கு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். "தெரிஞ்சு என்ன செய்ய, நான் போய் கப்பலை ஓட்டவா?" என்றாள்.

2024 அக்டோபர் 20

கடையை மூடினால் எல்லாம் சரியாகும் என்று ஒருவரும், மூடினால் கள்ளச்சாராயம்தான் ஓடும் என்று ஒருவரும் மேலே மல்லுக்கு நிற்கிறீர்கள். இரண்டையும் பார்த்த வீட்டிலிருந்து சொல்கிறேன்.

1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயத்தை நிறுத்தினார்கள், ஏ.கே. அந்தோணி முதல்வர். எனக்குப் பன்னிரண்டு வயது. சாராயக்கடை பூட்டினதும் லயத்துப் பெண்கள் பாயசம் வைத்தார்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாள் நிஜமாகவே அமைதி. அப்புறம் காட்டுப் பக்கம் வாற்று, அதாவது கள்ளச்சாராயம் காய்ச்சுவது, தொடங்கியது, அது கிடைக்காதவர்கள் பிராந்தி, விஸ்கி விற்கும் விதேசிக் கடைக்குப் போனார்கள். குடிக்கிற காசு கூடியது, குடி நிற்கவில்லை.

கேரளத்தில் மாசம் ஒண்ணாம் தேதி மதுக்கடை கிடையாது, சம்பளம் வீடு போய்ச் சேரட்டும் என்று வைத்த ஏற்பாடு. எல்லையில் இருக்கிறவனுக்கு அது என்ன செய்யும்? 2003 நவம்பரில் தமிழ்நாட்டில் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு இறங்கிய பிறகு, ஒண்ணாம் தேதி அப்பா பஸ் ஏறி, எல்லை தாண்டிப் புளியரைப் பக்கம் இறங்கிவிடுவார். கூட்டாளிகளும் இருப்பார்கள். திரும்பி வர பஸ் தவறினால் ஆரியங்காவில் ராத்திரி. 2014இல் உம்மன் சாண்டி ஆட்சியில் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடத் தொடங்கினார்கள், 2016இல் ஆட்சி மாறியது, 2017இல் பல பார்களைத் திரும்பத் திறந்தார்கள், அதைப் பார்க்க அப்பா இல்லை. 2020 ஊரடங்கில் கடை திடீரென்று பூட்டியபோது, குடி கிடைக்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவு போட, உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை, எங்கள் லயத்தில் யார் யாருக்கு இப்போது கை நடுங்கிக்கொண்டிருக்கும் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்து வாசலில் கடை இருப்பதை நான் ஆதரிக்கவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் புதிதாகத் தொடங்குகிறவன் குறைவான். ஆனால் பழகிப்போன உடம்புக்குப் பூட்டு மருந்து ஆகாது. பூட்டுகிற அன்றைக்கே பக்கத்தில் ஒரு வைத்தியசாலை திறந்திருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 31

தீபாவளி. பையன் வெடி வெடித்துக்கொண்டிருக்கிறான். வெடி வாங்கக் காசில்லாத ஒரு வருஷம் அப்பா, பொறுக்கி வைத்திருந்த வெடிக்காத ரப்பர்க்காய்களை முறத்தில் போட்டுத் தகரக் கூரைமேல் காயவைத்தார். வெயில் ஏறினதும் ஒவ்வொன்றாகப் படீர் படீர் என்று வெடித்து விதை தகரத்தில் உருண்டது. "இது கவர்ன்மெண்ட் வெடி, லைசன்ஸ் தேவையில்லை" என்றார். லயமே சிரித்தது. அன்றைக்கும் குடித்திருந்தார்.

2024 நவம்பர் 3

"கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாமே" என்று கேட்ட அக்கா, தயவுசெய்து செய்யாதீர்கள்.

அம்மா செய்தாள். யாரோ கொடுத்த தூள், மீன் குழம்பில். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குடியை வெறுக்கவைக்க டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் குடிப்பவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, பரிசோதனை செய்துவிட்டுக் கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார் இல்லையா?

அப்பா அன்றைக்கு வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் விஷயம் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு அம்மா போட்ட சோற்றைக் கிளறிப் பார்க்காமல் அவர் வாயில் வைத்ததில்லை. சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, கிளறிப் பார்ப்பார், அவ்வளவுதான். அம்மா அடுப்படியில் நின்று அதைப் பார்ப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை, அவள் போய்க் கேட்க வேறு இடம் இருந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இடம் இருந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு, 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார், குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார்கள். கேரளத்தில் இப்போது கலால் துறையின் விமுக்தி என்ற போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் போல, அவர்கள் வீட்டாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. நீங்கள் முதலில் அங்கே போங்கள், அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

2024 நவம்பர் 8

இதை எழுதுவதா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கார்த்திகை வருகிறது, எழுதத்தான் வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த பிறகு ஒரு கார்த்திகையில், மாலை போட்ட மூன்றாம் நாள் அம்மா போன் செய்தாள். அப்பா சுவரில் பால் வெட்டுகிறார் என்றாள். எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், வேர்த்துக் கொட்ட, கையில் கத்தி இல்லாமலே சுவரைச் சீவுகிறார், "பால் வழியுது, சிரட்டை வை, சிரட்டை வை" என்கிறார். என்னைப் பார்த்துக் கங்காணி என்று நினைத்துக் கும்பிட்டார். சாமி குத்தம் என்று பூசாரியை அழைத்து, கயிறு கட்டி முடித்திருந்தார்கள்.

நாள் தவறாமல் அதிகமாகக் குடிக்கும் உடம்பு, சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இப்படி இல்லாததெல்லாம் தெரியும், கை தன் தொழிலைத் தானே செய்துகொண்டிருக்கும். இது உயிர்போகிற நிலை, வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் தப்பலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஊசியும் பி1 வைட்டமினும் ஏற்றினார்கள், ஐந்தாறு நாளில் தெளிந்தார்.

தெளிந்த அன்றைக்கு டிஸ்சார்ஜ். "இனிமேல் குடிக்கக்கூடாது" என்று சீட்டில் எழுதினார்கள். அவ்வளவுதான். தூக்கம் வருகிறதா, வாழப் பிடித்திருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குடியை விட்ட பிறகு மூன்று நான்கு வாரத்தில் சோர்வு தானாகக் குறைந்தால் அது குடியால் வந்தது, குறையாமல் நின்றால் அதற்குத் தனி வைத்தியம் தேவை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் என்று இன்னும் வயிறு எரிகிறது. 41 நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை வருஷாவருஷம் பார்த்த நாங்கள் அதற்குச் சாட்சி சொல்லியிருப்போம்.

பிறகு இருந்த வருஷங்கள் இறக்கம்தான். இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழையில் பால் வெட்டு நின்று சும்மா இருக்கும் நாட்களில் மிக மோசம். வயிற்றில் நீர் கோத்தது. கடைசி மழைக்காலத்தில் ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்கம்மா, நீ சாப்பிட்டியா" என்று கேட்டார்.

2024 நவம்பர் 10

என் பையனிடம் நான் சொன்னது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சமையல் செய்துகொண்டே சொன்னேன், அவனை எதிரில் உட்காரவைத்துச் சொல்லவில்லை. "தாத்தாவுக்கு மனசில் ஒரு நோய் இருந்தது. சாராயம் குடித்தால் கொஞ்ச நேரம் அது தெரியாது. அதனால் குடித்தார். அப்புறம் குடியே இன்னொரு நோயாகி ஈரலைக் கெடுத்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை."

"தாத்தா உன்னைத் திட்டுவாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நீயும் அப்படி ஆயிடுவியா?" என்றான். எனக்கும் சோர்வு வருவது உண்டு, வந்தால் டாக்டரிடம் போகிறேன், மாத்திரை எடுக்கிறேன் என்று அதையும் சொன்னேன். மாத்திரை டப்பாவைக் காட்டச் சொன்னான், காட்டினேன். அதோடு விளையாடப் போய்விட்டான். பள்ளியில் உளறினானா தெரியாது, உளறினாலும் சரி. அவன் வகுப்பில் இதே கதை உள்ள பிள்ளைகள் கண்டிப்பாக இருப்பார்கள்.

அப்பாவுடைய பிரியத்தை அவன் நம்புவதற்கு, குடியை மறைக்க வேண்டி வரவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் அக்கா. நல்லதை மட்டும் சொன்னால், பிற்காலத்தில் யாராவது மிச்சத்தைச் சொல்லும்போது நீங்கள் சொன்ன நல்லதையும் சேர்த்து அவன் சந்தேகப்படுவான்.

2024 நவம்பர் 15

நாளை கார்த்திகை ஒன்று. வீட்டில் தினமும் குடிக்கிற ஒருவர் மாலை போடப் போகிறார் என்றால் தடுக்காதீர்கள், விட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் மாலைக்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு தப்பும். முதல் நான்கைந்து நாள் தனியாக விடாதீர்கள். நடுக்கம், வேர்வை, வலிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, கயிறு அப்புறம் கட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா, சோறு இறங்குகிறதா என்று பாருங்கள். விரதம் முழுக்க அப்படியே இருந்தார் என்றால் அதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

மருந்து வாங்கிக்கொண்டு விரதம் இருப்பது தீட்டு ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது. குளத்தூப்புழையில் பெரியவர் ஒருவரிடம் நானே கேட்டேன், அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் இருமுடி கட்டுகிறார்.